மியாட்டாவின் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

மஸ்டா எம்எக்ஸ்-5 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் அதன் பெயர் மியாட்டா. நான்கு வீலுக்கும் டபுள் விஷ்போன் (வீலை மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரண்டு கைகள்), பின்சக்கர டிரைவ், முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி எடை, மொத்தம் ஒரு டன் அளவுதான். அங்கே அமெச்சூர் பந்தயத்தில் ஸ்பெக் மியாட்டா என்று இந்த வண்டிக்கென்றே தனி வகுப்பு உண்டு. வகுப்பில் ஓடாமல், வார நாளில் அலுவலகத்துக்கும் மாதம் ஒருமுறை டிராக்குக்கும் எடுத்துப்போகிறவர்களும் ஏராளம். இந்த ஆய்வு அந்த இரண்டாவது வகையினருக்கானது. எடுத்துக்கொண்ட வண்டி 1994–97 காலத்து 1.8 லிட்டர் என்ஏ (முதல் தலைமுறை) மாடல், இடப்பக்க ஸ்டியரிங். ஓட்டுநரும் பாதி டேங்க் பெட்ரோலும் சேர்த்து 1,040 கிலோ என்று கணக்கு.

"எந்த காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் தொகுப்பு) நல்லது?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். இந்த வண்டியில் முதலில் தீர்ந்துபோவது ஸ்பிரிங்கின் பலம் அல்ல, டேம்பரின் (ஷாக் அப்சார்பர்) டிராவல், அதாவது அது நசுங்க மிச்சமிருக்கும் தூரம். வண்டியைத் தாழ்த்தியதும் வளைவின் நடுவில் டேம்பர் பம்ப் ஸ்டாப்பில் (கடைசித் தடையாக இருக்கும் ரப்பர்) போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த நொடியில் அந்த மூலைக்கு ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோல. முன்பக்கம் உட்கார்ந்தால் வண்டி வளையாமல் வெளியே தள்ளும், பின்பக்கம் உட்கார்ந்தால் வால் வீசும். ஓட்டுகிறவர் அதை "ஸ்பிரிங் போதவில்லை" என்றோ "டயர் சரியில்லை" என்றோ எடுத்துக்கொண்டு தவறான பாகத்துக்குப் பணம் கொடுக்கிறார்.

பழைய இரும்பிலிருந்து தொடங்க வேண்டும்

முப்பது வருட வண்டி. விஷ்போன் மூட்டுகளில் இருக்கும் புஷ்களின் ரப்பர் வெடித்திருக்கும், கீழ் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கும். இவை இருக்கும்போது புது டேம்பர் போடுவது வீண். அலைன்மென்ட் மேடையில் வைத்த கேம்பர் (வீலின் மேல்முனை உள்ளே வெளியே சாயும் கோணம்) பிரேக் அடிக்கும்போது நிற்காது, டோ (வீலின் முன்முனை உள்ளே வெளியே திரும்பும் அளவு) நிலையாக இருக்காது. வீலைத் தூக்கி, மேலும் கீழும் கையை வைத்து ஆட்டிப் பாருங்கள். கிளிக் என்று கையில் தட்டினால் பால் ஜாயின்ட்டோ முன் ஹப் பேரிங்கோ போயிருக்கிறது. இந்த வண்டியின் முன் ஹப், ஒட்டும் டயரோடு டிராக்கில் ஓடினால் சீக்கிரம் தேயும் பாகம். அதைத் தேய்மானப் பொருளாகவே கருதி ஒரு ஜோடியைக் கையில் வைத்திருப்பது நல்லது.

முன்னால் கேம்பரும் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு), பின்னால் கேம்பரும் டோவும் கீழ் விஷ்போனின் உள்பக்கம் இருக்கும் கேம் போல்ட்டைத் திருப்பித்தான் மாறும்; முன் டோ மட்டும் ஸ்டியரிங்கின் டை ராடில் மாறும். உப்புத் தெளித்த சாலைகளில் ஓடிய வண்டியில் இந்த போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட்டைத் தளர்த்திவிட்டு போல்ட்டின் தலையைத் திருப்பும்போது கவனியுங்கள்: ஸ்பானர் சற்று நகர்ந்து, கையை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பினால் போல்ட் திரும்பவே இல்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டது. அதற்கு மேல் பலம் கொடுத்தால் ரப்பர் கிழியும். துருநீக்கி எண்ணெயை இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு ஊற்றி, சூடு காட்டிப் பார்க்கலாம். அப்படியும் வராவிட்டால் புஷ்ஷுக்கு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்து எடுப்பதே வழி. பின் அப்ரைட்டின் (வீல் ஹப்பைத் தாங்கும் பாகம்) அடியில் போகும் நீளமான போல்ட்டும் இதே ரகம். டிராக் நாளுக்கு முந்தைய மாலையில் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது.

புஷ் மாற்றும்போது ரப்பரா பாலியூரித்தேனா என்ற கேள்வி வரும். தெருவிலும் ஓடும் வண்டிக்குப் புது ரப்பரே போதும். ஒரே நிபந்தனை: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி தன் உயரத்தில் வீலின் மேல் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். வீல் தொங்கும்போது இறுக்கினால், இறக்கி வைத்ததும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். வண்டி உயரமாக நிற்கும், புஷ் சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் சுழன்று வேலை செய்யும் பொருள், அதனால் கிரீஸ் வற்றினால் கத்தும், பிடிக்கும். பிடித்துக்கொண்ட புஷ் நாம் கேட்காத இன்னொரு ஸ்பிரிங்.

டிராவலை அளப்பது

ஒரு மூலையின் டேம்பரைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டாப் இருக்க, வெறும் டேம்பரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கட்டும். கீழ் விஷ்போனுக்கு அடியில் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்குங்கள். ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து மூன்று எண்களை எழுத வேண்டும்: வீல் முழுக்கத் தொங்கும்போது, பம்ப் ஸ்டாப் டேம்பர் உடலைத் தொடும்போது, ஸ்டாப் முழுக்க நசுங்கும்போது. நீங்கள் வைக்க விரும்பும் உயரத்துக்கும் இரண்டாவது எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் கையில் இருக்கும் டிராவல்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லும். அரை ஸ்லிக் டயரில் (பள்ளம் குறைந்த, நன்றாக ஒட்டும் டயர்) 1.1 ஜி அளவு பக்கவாட்டு விசை என்று கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து 450 மி.மீ., வீல்களுக்கிடையே அகலம் 1,420 மி.மீ. என்றால், வளைவின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் சுமை சுமார் 3,560 நியூட்டன், அதாவது 363 கிலோ. நேராக நிற்கையில் ஒரு பக்கத்துக்கு 520 கிலோ. வளைவில் உள்பக்கம் 157, வெளிப்பக்கம் 883! இதில் 60 சதவீதத்தை முன்பக்கம் ஏற்றால் வெளி முன் வீலுக்கு ஏறக்குறைய 2,130 நியூட்டன் கூடுகிறது. வீலில் மில்லிமீட்டருக்கு 48 நியூட்டன் தரும் ஸ்பிரிங் மட்டுமே இதைத் தாங்கினால் வீல் 44 மி.மீ. மேலேறும். ஆன்டி-ரோல் பாரும் (இடது, வலது வீல்களை இணைத்து உடல் சாய்வைக் குறைக்கும் கம்பி) விஷ்போன் ஜியோமெட்ரியும் ஒரு பங்கைச் சுமப்பதால் நடப்பில் 25–30 மி.மீ. ஆகும். அதன் மேல் பிரேக் சுமை, அதன் மேல் கர்ப் (டிராக் ஓரத் திட்டு). ஆகவே ஸ்டாப் தொடுவதற்கு முன் வீலில் 50 மி.மீ. இருந்தால் நிம்மதி. 25 மி.மீ. இருக்கும் வண்டி ஒவ்வொரு வேக வளைவிலும் ரப்பரின் மேல்தான் ஓடுகிறது.

டிராவல் குறைந்தால் என்ன செய்யலாம்? முதல் வழி, உயரத்தைக் கூட்டுவது. செலவில்லை, ஆனால் தோற்றத்துக்காக இதை மறுக்கிறவர்கள் அதிகம். இந்த வண்டிக்கு ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புக்கு முன்னால் 325, பின்னால் 330 மி.மீ. அளவு நல்ல தொடக்கம். இதைவிட நன்றாகத் தாழ்த்தினால் கீழ் விஷ்போன் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். ரோல் சென்டர் (உடல் சாயும் மையப்புள்ளி) எடை மையத்தைவிட வேகமாக இறங்கி, உடல் சாய்வதற்கான நெம்புகோல் நீளும். தாழ்த்திய வண்டி முன்பைவிட அதிகம் சாய்வது இதனால்தான்.

இரண்டாவது வழி, அடுத்த தலைமுறையான என்பி மாடலின் மேல் மவுன்ட் (டேம்பரின் நுனியை வண்டியோடு பிணைக்கும் பாகம்). அதன் அமைப்பால் டேம்பருக்குக் கூடுதல் டிராவல் கிடைக்கிறது. மூன்றாவது, உடல் குட்டையான டேம்பர், குட்டையான நல்ல பம்ப் ஸ்டாப். பழைய ஸ்டாப்பை வெட்டுவதாக இருந்தால் அகலமான அடிப்பக்கத்தை வெட்டி, கூம்பு முனையை வைத்துக்கொள்ளுங்கள். முனைதான் மெல்ல நசுங்கி சுமையைப் படிப்படியாக ஏற்றுவது. ஸ்டாப்பே இல்லாமல் ஓட்டாதீர்கள். டேம்பரின் பிஸ்டன் அடியில் மோதினால் வால்வு உடையும், அந்த டேம்பர் குப்பைக்குத்தான்.

ஸ்பிரிங்: எண்ணைக் கடன் வாங்கும்போது

ஸ்பெக் மியாட்டா வகுப்பின் ஸ்பிரிங் முன்னால் அங்குலத்துக்கு 700 பவுண்டு, பின்னால் 325. மில்லிமீட்டருக்குக் கிலோ கணக்கில் 12.5-உம் 5.8-உம். பந்தயத்தில் ஜெயிக்கும் வண்டியில் இருப்பதால் பலர் இதை அப்படியே போட்டுவிடுகிறார்கள். அந்த எண்கள் அந்த வகுப்பின் டேம்பர், பார், டயர், குறைந்தபட்ச எடை எல்லாவற்றோடும் சேர்ந்து பொருந்தியவை. உங்கள் வண்டியில் ஏற்கெனவே தடித்த முன் பார் இருந்தால், இந்த ஸ்பிரிங்கோடு முன்பக்கம் தள்ளிக்கொண்டே போகும்.

ஸ்பிரிங்கின் எண்ணைவிட வீலில் எவ்வளவு கிடைக்கிறது என்பதே முக்கியம். மேலே டிராவல் அளந்தபோதே இதையும் அளக்கலாம்: வீலை 20 மி.மீ. தூக்கும்போது டேம்பர் எத்தனை மி.மீ. நசுங்குகிறது? 14 என்றால் மோஷன் ரேஷியோ 0.7. வீலில் கிடைக்கும் கடினம், ஸ்பிரிங்கின் கடினத்தை இந்த எண்ணின் இருமடியால் பெருக்கினால் வரும். ஒருமுறை மட்டும் பெருக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. இருமடி ஏன்? விசையும் ஒருமுறை குறைகிறது, நகர்வும் ஒருமுறை குறைகிறது.

தெருவுக்கும் டிராக்குக்கும் பொதுவாக (மில்லிமீட்டருக்கு) முன் 10 கிலோ, பின் 6 கிலோ ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். முன்னால் மோஷன் ரேஷியோ 0.7, பின்னால் 0.75 என்று வைத்தால் வீலில் மில்லிமீட்டருக்கு 48-உம் 33-உம் நியூட்டன். ஒரு மூலையில் ஸ்பிரிங் சுமக்கும் நிறை 228 கிலோ. மீதி 32 கிலோ வீல், பிரேக், அப்ரைட். முன்பக்க அலைவு (ஸ்பிரிங்கின் மேல் வண்டி ஆடும் எண்ணிக்கை) நொடிக்கு 2.3, பின்பக்கம் 1.9. ஸ்பெக் மியாட்டா எண்களில் இதே கணக்கு முன் 2.6, பின் 1.9 என்று வரும். 2.3 என்பது டிராக்கில் நிமிர்ந்து நிற்கும், நல்ல சாலையில் பொறுத்துக்கொள்ளும் அளவு. மோசமான சாலையில் தினமும் ஓட்டுவதாக இருந்தால் முன் 8, பின் 5-க்கு இறங்குங்கள். மற்றபடி 10-6 ஜோடியே இந்த வண்டிக்குச் சரியான நடுவிடம்.

முன்பக்கம் ஏன் இவ்வளவு கூடுதல்? இயந்திரம் தள்ளுவது பின்சக்கரத்தை. வளைவிலிருந்து வெளியேறி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது உள் பின் வீலுக்குச் சுமை வேண்டும். இந்த மாடல்களில் கிடைத்த டார்சன் டிஃபரென்ஷியல் (இரு பின் வீல்களுக்கும் விசையைப் பங்கிடும் பற்சக்கரத் தொகுதி), ஒரு வீல் காற்றில் தூக்கினால் பூட்டாது, சாதாரண டிஃபரென்ஷியலைப்போல அந்த வீலைச் சுழலவிடும். பின்பக்கத்தைக் கடினமாக்கினால் இந்த வண்டி வேகத்தை இழப்பது வளைவிலிருந்து வெளியேறும் இடத்தில்தான்.

ஸ்பிரிங் நீளத்தையும் பார்க்க வேண்டும். முன் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் சுமை சுமார் 3,200 நியூட்டன், 10 கிலோ ஸ்பிரிங் அதில் 33 மி.மீ. நசுங்கும். டேம்பர் அந்த நிலையிலிருந்து 33 மி.மீ.-க்கு மேல் நீளக் கூடியதாக இருந்தால், வீல் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து தன் இருக்கையை (ஸ்பிரிங் அமரும் தட்டு) விட்டு நகரும், இறங்கும்போது கோணலாக உட்காரும். மெல்லிய ஹெல்பர் ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தால் தீரும். உள்விட்டமும் கவனம்: சந்தையில் 60, 62, 63.5, 65 மி.மீ. எல்லாம் உண்டு. 63.5-க்கான இருக்கையில் 65 ஸ்பிரிங் உட்காரும், ஆனால் நகர்ந்து உரசி, பெயின்ட் போய், அந்த இடத்தில் துருவும் விரிசலும் தொடங்கும்.

டேம்பர்

செலவில் பெரும்பங்கு இங்கே போகட்டும். ஸ்பிரிங் ஒரு சுருள் கம்பி, நல்லதற்கும் சுமாரானதற்கும் விலையில் அதிக வேறுபாடில்லை. டேம்பரில்தான் தரம் தெரியும்.

வாங்கும் முன் டைனோ வரைபடம் (எந்த வேகத்தில் டேம்பர் எவ்வளவு விசை தருகிறது என்ற கோடு) கேளுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். வரைபடத்தில் எதைப் பார்ப்பது? மேலே சொன்ன முன் மூலைக்கு, 0.65 டேம்பிங் விகிதம் (அலைவை எவ்வளவு அடக்குகிறது என்ற அளவு) வேண்டுமென்றால், டேம்பர் நொடிக்கு 50 மி.மீ. நகரும்போது பம்ப் (நசுங்கும்போது), ரீபவுண்ட் (நீளும்போது) இரண்டின் விசைச் சராசரி 440 நியூட்டன் அருகே வர வேண்டும். ரீபவுண்ட் 600, பம்ப் 280 போல. உடல் சாய்வதும், பிரேக்கில் மூக்கு இறங்குவதும் இந்த மெதுவான வேகத்தில்தான் நடக்கின்றன. கர்ப்பில் ஏறும்போது வேகம் பல மடங்காகும். அங்கே கோடு அதே சரிவில் ஏறிக்கொண்டே போகாமல் மடங்கிப் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் கர்ப் வண்டியைத் தூக்கி எறியும். பில்ஸ்டீன் டேம்பர்களின் புகழுக்கு இந்த மடங்கும் கோடு ஒரு காரணம்.

மலிவான காயிலோவரில் முப்பத்திரண்டு கிளிக் (திருகின் படி) என்று போட்டிருக்கும். பலவற்றில் அந்தத் திருகு பம்பையும் ரீபவுண்டையும் சேர்த்தே மாற்றும், முதல் பத்துக் கிளிக்கில் ஒன்றும் மாறாது, கடைசி மூன்றில் எல்லாம் மாறும். இடப்பக்க டேம்பரும் வலப்பக்க டேம்பரும் ஒரே கிளிக்கில் வேறு வேறு விசை தரும். ரீபவுண்டை மட்டும் மாற்றும் கோனி மஞ்சள் போன்ற எளிய டேம்பரே இதைவிட நம்பத்தக்கது. ஆனால் கோனி மஞ்சளுக்கு 10 கிலோ ஸ்பிரிங் அதிகம். அதோடு 6–7 கிலோவுக்குள் நில்லுங்கள், அல்லது வால்வை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ரீபவுண்ட் மிகுந்தால் நேரும் தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேடு பள்ளமான வளைவில் டேம்பர் நசுங்கும், நீள நேரம் கிடைக்கும் முன் அடுத்த மேடு வரும். மூலை படிப்படியாகக் கீழிறங்கி ஸ்டாப்பில் உட்காரும். உணர்வு "ஸ்பிரிங் கடினம்" என்பதாக இருக்கும், மருந்து இரண்டு கிளிக் தளர்த்துவது.

பொருத்தும்போது மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்காதீர்கள். ஷாஃப்ட் உள்ளே சுழன்று சீலைக் கெடுக்கும். ஷாஃப்ட்டை அதன் நுனியில் பிடித்துக் கைக்கருவியால் இறுக்குவதே முறை. ஷாஃப்ட்டின் பளபளப்பான பகுதியை பிளையரால் பிடித்தால், அந்தக் கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும்.

ஆன்டி-ரோல் பார்

பாரின் கடினம் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது. 19 மி.மீ. பாரை 22-க்கு மாற்றினால் 1.8 மடங்கு. 28.6 மி.மீ. வெளிவிட்டமும் 4.8 மி.மீ. சுவரும் உள்ள குழாய்ப் பார் 4.1 மடங்கு, எடையோ கால்பங்குதான் கூடுதல். அந்தக் குழாயின் உள்ளே காலியாக இருக்கும் ஓட்டையே பழைய பாரின் அளவு; விளிம்பில் இருக்கும் இரும்புதான் முறுக்கைத் தாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் என்ஏ வண்டியின் முன் பார் மவுன்ட் இந்த விசைக்காகச் செய்யப்பட்டதல்ல. தடித்த பாரும் ஒட்டும் டயரும் சேர்ந்தால் மவுன்ட் தகடு கிழியத் தொடங்கும். பாரோடு மவுன்ட்டுக்கான வலுவூட்டும் பிரேஸையும் சேர்த்தே வாங்குங்கள். பின் பாரை ஸ்டாக்கிலேயே விடுங்கள். வளைவு முடிவில் உள் பின் வீல் சுழல்கிறதென்றால் ஒரு முனை லிங்க்கை (பாரை விஷ்போனோடு இணைக்கும் துண்டு) கழற்றி ஒரு சுற்று ஓடிப் பாருங்கள், பதில் இலவசமாகக் கிடைக்கும்.

உயரம், மூலை எடை, அலைன்மென்ட்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. உயரம் மாறினால் மூலை எடை (ஒவ்வொரு வீலும் தாங்கும் எடை) மாறும், இரண்டும் மாறினால் கேம்பரும் டோவும் மாறும்.

நான்கு தராசுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். டயர் காற்று சரி, ஓட்டுநர் இருக்கையில் அல்லது அவர் எடைக்கு மணல் மூட்டை, பார் லிங்க் இரண்டு பக்கமும் கழற்றியது. முன் இடது 285, முன் வலது 250, பின் இடது 255, பின் வலது 250 என்று வந்தால், முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 505. 1,040-இல் இது 48.6 சதவீதம். 50-க்குக் கொண்டுவர, முன் வலது, பின் இடது ஸ்பிரிங் இருக்கைகளை அரைச் சுற்று ஏற்றி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று இறக்குங்கள். வண்டியை முன்னும் பின்னும் உருட்டி டயரின் இறுக்கத்தை விடுவித்து மறுபடி படியுங்கள். ஒரே மூலையை மட்டும் திருகினால் உயரம் கெடும். இடப்பக்கம் மொத்தம் 540, வலப்பக்கம் 500 என்பதை எந்தத் திருகும் மாற்றாது. அதற்கு பேட்டரி போன்ற எடையைத்தான் இடம் மாற்ற வேண்டும். கடைசியில் ஓட்டுநர் அமர்ந்திருக்கும்போதே பார் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்து, போல்ட் கையால் நழுவி உள்ளே போகும்படி மாட்டுங்கள்.

அலைன்மென்ட்டுக்கு முன் கேம்பர் மைனஸ் 2.8, பின் மைனஸ் 2.2, முன் டோ பூஜ்யம், பின்னால் மொத்தம் 1.5 மி.மீ. உள்டோ. காஸ்டர் 5 டிகிரி அருகே. பல வண்டிகளில் முன்பக்கம் மைனஸ் 2-ஐத் தாண்டுவதற்குள் கேம் போல்ட்டின் எல்லை முடிந்துவிடும். காஸ்டரைக் குறைத்துக் கொஞ்சம் பெறலாம், அல்லது நீட்டிய கீழ் பால் ஜாயின்ட்டோ மையம் விலகிய புஷ்ஷோ போடலாம். வகுப்பு விதியில் எது அனுமதி என்று முதலில் படியுங்கள்.

டிராக்கில் சரிபார்ப்பது

ஒவ்வொரு டேம்பர் ஷாஃப்ட்டிலும் ஒரு பிளாஸ்டிக் ஜிப் டையை இறுக்கமாகக் கட்டி, டேம்பர் உடலைத் தொடும்படி கீழே தள்ளி வையுங்கள். நான்கைந்து சுற்று ஓடிவிட்டு வந்து பாருங்கள். டேம்பர் நசுங்கிய அளவுக்கு டை மேலேறி நிற்கும். அது ஸ்டாப்பின் முனையை முட்டி நின்றால் அந்த மூலை ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறது. கர்ப்பில் ஏறாத ஓட்டமாகப் பார்த்து இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பின் குத்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பிட்டில் நின்றதும் ஊசி வெப்பமானியை டயரில் குத்தி உள், நடு, வெளி மூன்றையும் எழுதுங்கள். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட 5–8 டிகிரி செல்சியஸ் சூடாக இருப்பது நல்லது. வெளி சூடானால் கேம்பர் போதாது. நடு மட்டும் சூடானால் காற்று அதிகம். வண்டி ஒரு சுற்று மெதுவாக வந்து நின்றிருந்தால் எண்களை நம்பாதீர்கள்.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். முதல் டிராக் நாள் முடிந்ததும் ஸ்பிரிங் இருக்கை வளையங்கள், லிங்க் நட்டுகள், கேம் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்குங்கள். கேம் போல்ட்டின் தலையிலும் விஷ்போன் தாங்கியிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டிருந்தால், நழுவியதா என்பதை அடுத்த முறை வண்டிக்கு அடியில் குனிந்ததுமே பார்த்துவிடலாம்.